ஏழு கன்னியர் மலையும் விமானத்தின் முகவரிப் புத்தகமும்

அக்கரப்பத்தனையில் இரவு பதினொரு மணி என்றால் ஊரே போர்வைக்குள் இருக்கும். அன்றைக்கு எங்கள் லயத்து வாசலில் மட்டும் பத்துப் பதினைந்து பேர் பனியில் நின்றுகொண்டிருந்தோம். சித்தியின் மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியாயிற்று. சாமி கும்பிட்டாயிற்று. அழுதும் ஆயிற்று. ஹட்டனில் இருந்து வர வேண்டிய வேன்தான் வரவில்லை.

கடைசியில் ட்ரைவர் போன் எடுத்தார். "நான் இடத்துக்கு வந்துட்டேன், ஒருத்தரையும் காணோமே" என்றார். அவர் நின்றது வேறொரு தோட்டத்தில். அங்கேயும் ஒரு மேல் டிவிசன் இருக்கிறது. போனில் இருந்த வரைபடம் அவரை அந்த மேல் டிவிசனுக்குக் கூட்டிப்போய்விட்டது. மலையகத்தில் இது புதிதில்லை. தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயர், எங்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர். லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதம் எல்லாம் தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும்.

முக்கால் மணி நேரம் பிந்தி வேன் வந்தது. ஏறும்போது தங்கச்சி கேட்டாள்: "அண்ணே, வேன்காரருக்கே நம்ம லயத்தக் கண்டுபிடிக்க முடியல. பிளேனு எப்படிண்ணே குவைத்தக் கண்டுபிடிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, சற்லைட், கொம்பியூட்டர் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் ஹட்டனைத் தாண்டி கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது கேள்வி திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பாதையில் இடப் பக்கம், நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அப்பால், ஏழு கன்னியர் மலை இருக்கிறது. இருட்டில் அது தெரியவில்லை. 1974இலும் ஓர் இரவில் அது யாருக்கும் தெரியவில்லை.

191 பேர்

1974 டிசெம்பர் 4ஆம் திகதி. இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட டிசி-8 ரக விமானம் ஒன்று, இடையில் கட்டுநாயக்கவில் தரித்துச் செல்ல வந்துகொண்டிருந்தது. விமானம் நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்துடையது. உள்ளே 182 பயணிகள், 9 பணியாளர்கள். பயணிகள் அனைவரும் ஹஜ் யாத்திரை போனவர்கள்.

எங்கள் அம்மாயி நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தவர். "ஹஜ்ஜுக்குப் போன சனம்" என்று மட்டும்தான் அவர் அந்த இரவைப் பற்றிச் சொல்வார், அதற்கு மேல் பேசமாட்டார்.

தென்கிழக்கில் இருந்து வரும் விமானத்துக்குக் கட்டுநாயக்க ஓடுபாதையை எட்டும் முன் குறுக்கே கிடப்பது நம்முடைய மலைநாடு. பிதுருதலாகல 2,524 மீட்டர், சிவனொளிபாத மலை 2,243 மீட்டர். இவற்றைக் கடந்து மேற்கே சமவெளிக்கு வந்த பிறகுதான் தாழ இறங்க வேண்டும். விமானிகளோ மலைகள் எல்லாம் பின்னால் போய்விட்டன, விமான நிலையம் அருகில் வந்துவிட்டது என்று நம்பினார்கள். கட்டுப்பாட்டாளர்கள் படிப்படியாக உயரத்தைக் குறைக்க அனுமதி கொடுத்து, கடைசியில் 2,000 அடி வரை இறங்கலாம் என்றார்கள், விமான நிலையம் கண்ணில் பட்டதும் அறிவிக்கும்படி கேட்டார்கள். அந்த அறிவிப்பு வரவில்லை. ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில், சப்த கன்னி மலைத்தொடரில் விமானம் மோதியது. ஒருவரும் தப்பவில்லை. இலங்கை மண்ணில் இன்றுவரை நடந்த விமான விபத்துகளில் மிக அதிக உயிர்களைக் கொண்டுபோனது இதுதான்.

4,355 அடி என்பதை அக்கரப்பத்தனைக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். நாங்கள் கொழுந்து பறிக்கும் மலைகள் பல அதைவிட உயரம்.

மலையில் இருந்து கட்டுநாயக்க ஏறத்தாழ 40 கடல் மைல். இறங்கும் வேகத்தில் ஒரு ஜெட் விமானத்துக்கு அது பத்து நிமிடத் தூரம். அந்தப் பத்து நிமிடப் பிழை எப்படி வந்தது?

விசாரணை அறிக்கை சொன்னது இது: விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாக அடையாளம் கண்டுகொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். விமானத்தில் இருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் நம்பியிருந்ததுதான் அதற்குக் காரணம், அவை காட்டியதைத் தவறாகப் பொருள்கொள்ள இடம் இருந்தது.

டொப்ளர் கருவி கீழே நிலத்தை, அல்லது கடலை, நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையின் மாற்றத்தில் இருந்து விமானத்தின் வேகத்தையும் பக்கவாட்டு நகர்வையும் கணக்கிடும். புறப்பட்ட இடம் தெரியும், எவ்வளவு வேகத்தில் எந்தத் திசையில் எவ்வளவு நேரம் வந்தோம் என்பதும் தெரியும், ஆகவே இப்போது இங்கே இருக்கிறோம் என்று அது சொல்லும். கண்ணைக் கட்டிக்கொண்டு காலடியை எண்ணி நடப்பது போல. ஒவ்வோர் அடியிலும் சிறு பிழை சேரும். கீழே கடல் என்றால், நீரே அசைவதால் பிழை கூடும். சுரபாயாவில் இருந்து வரும் வழியில் இந்து சமுத்திரம் நெடுந்தூரம் கிடக்கிறது. கரையை நெருங்கும்போது ராடரில் கடற்கரையின் உருவத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பார்ப்பது எந்தக் கரை என்று சரியாகத் தெரிந்தால்.

நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் அந்த விபத்துக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

விமானத்துக்குள் இருக்கும் புத்தகம்

தங்கச்சி ஏறிய விமானத்தில் காலடி எண்ணும் வேலை இன்னும் நடக்கிறது, இன்னும் நுட்பமான கருவிகளால். அதற்கு மேல் ஜி.பி.எஸ் இருக்கிறது. ஆனால் ஜி.பி.எஸ் சொல்வது "நீ இங்கே இருக்கிறாய்" என்பதை மட்டும்தான். ஓடுபாதை எங்கே தொடங்குகிறது, எந்தப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு இறங்க வேண்டும், எந்தப் புள்ளியில் எந்த உயரத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அவற்றைச் சொல்வது விமானத்தின் கொம்பியூட்டரில் ஏற்றப்பட்டிருக்கும் வழிகாட்டல் தரவுத்தளம். முகவரிப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புத்தகம் எழுதப்படும் முறை சுவாரசியமானது. ஒவ்வொரு நாடும் தன் வான்பரப்புக்கும் விமான நிலையங்களுக்கும் உரிய விபரங்களை அதிகாரபூர்வமாக வெளியிட வேண்டும். உலகெங்கும் இருந்து வரும் இந்த விபரங்களை ஜெப்சன், லுப்தான்சாவின் லீடோ போன்ற சில தொழில்முறை நிறுவனங்கள் ஒரே வடிவத்துக்கு மாற்றுகின்றன. கொம்பியூட்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறிக்கு ஏற்றபடி அது இன்னொரு முறை மாற்றப்படுகிறது. பிறகு விமான நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் அதை விமானத்தில் ஏற்றுகிறார். எத்தனை கை மாறுகிறது பாருங்கள். ஒவ்வொரு கையிலும் ஓர் இலக்கம் பிழைக்கலாம்.

அதனால்தான் விதிகள் இறுக்கமானவை. உலகம் முழுவதற்கும் 28 நாட்களுக்கு ஒரு முறை, ஒரு வியாழக்கிழமை, புதிய பதிப்பு நடைமுறைக்கு வரும். ஒரு நாடு தன் விமானப் பாதையை மாற்ற நினைத்தால் பெரும்பாலும் அந்த நாளுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். விமானத்துக்குள் நடப்புப் பதிப்பும் அடுத்த பதிப்பும் இரண்டுமே இருக்கும், உரிய நாளில் ஒன்றில் இருந்து மற்றதுக்கு மாறலாம். காலாவதியான பதிப்போடு பறக்கவே முடியாது என்றில்லை. குறுகிய காலத்துக்கு விதிகள் இடம் கொடுக்கின்றன, ஆனால் விமானி நடப்பு வரைபடத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஓடுபாதை தொடங்கும் புள்ளியின் ஆள்கூறுகள் மிக உயர்ந்த பாதுகாப்பு வகுப்பில் வருகின்றன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்தின்படி, அந்த எண் வழியில் சிதைந்துபோவதற்கான சாத்தியம் 100 மில்லியனில் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்காக ஒவ்வொரு தரவுக் கோப்பும் ஒரு சரிபார்ப்பு எண்ணோடு பயணம் செய்கிறது. நடுவில் ஓர் இலக்கம் மாறினாலும் அந்த எண் பொருந்தாது.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரே இடத்துக்கு ஒவ்வொரு நாட்டு வரைபடத்திலும் வேறு வேறு ஆள்கூறு. இலங்கையின் பழைய நில அளவைப் படங்கள் கந்தவல என்ற இடத்தை அடிப்படையாக வைத்து வரையப்பட்டவை. அந்தக் கணக்கில் எடுத்த ஆள்கூறுக்கும் ஜி.பி.எஸ் பயன்படுத்தும் உலகப் பொதுக் கணக்குக்கும் நடுவில் நூறு மீட்டர்க் கணக்கில் வித்தியாசம் வரும். இரண்டும் பிழையில்லை, அளக்கத் தொடங்கிய இடம்தான் வேறு. 1998 ஜனவரி 1 முதல் எல்லா நாடுகளும் விமானப் போக்குவரத்துக்கு ஒரே பொதுக் கணக்கில் தரவு கொடுக்க வேண்டும் என்று முடிவானது.

யாருக்கும் சொல்லாமல் செய்த திருத்தம்

இவ்வளவும் இருந்தால் போதுமா? எனக்கு அதிகம் உறுத்துவது நியூசிலாந்தின் கதை. அதில் பிழையைவிட, பிழையைத் திருத்தியதுதான் ஆட்களைக் கொன்றது.

எயார் நியூசிலாந்து 1970களில் அந்தாட்டிக்காவைச் சுற்றிக் காட்டும் உல்லாசப் பறப்புகளை நடத்தியது. 1978இல் பறப்புப் பாதைகளைக் கொம்பியூட்டரில் ஏற்றும்போது, கடைசிப் புள்ளியின் நெடுங்கோடு 166 பாகை 48 கலை என்று இருந்திருக்க வேண்டியது, 164 பாகை 48 கலை என்று பதிவாகிவிட்டது. ஓர் இலக்கம். அதன் விளைவாகப் பாதை, எரபஸ் எரிமலைக்கு மேலால் போகாமல், மேற்கே கடலுக்கு மேலால் போனது. தற்செயலாக அதுதான் நல்ல பாதை. ஒரு வருடத்துக்கு மேல் விமானங்கள் அப்படியே போய் வந்தன. 1979 நவம்பர் தொடக்கத்தில் விமானிகளுக்கு விளக்கம் கொடுக்கும்போதும் அந்தப் பாதைதான் காட்டப்பட்டது. கப்டன் அதை வரைபடத்தில் குறித்துப் பார்த்துக்கொண்டார்.

நவம்பர் 28ஆம் திகதி, பறப்புக்குச் சில மணி நேரம் முன்னர், வழிகாட்டல் பிரிவில் ஆள்கூறைத் திருத்தினார்கள். பாதை 27 மைல் கிழக்கே நகர்ந்தது. விமானிகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் கையில் கிடைத்த தாளில் பத்துக் கணக்கான இலக்கங்களுக்கு நடுவில் ஒன்று மாறியிருந்தது. விமானம் கொடுத்த பாதையில் துல்லியமாகப் பறந்தது. வெண்பனியும் வெண்மேகமும் ஒன்றாகி, முன்னால் மலை இருப்பதே கண்ணுக்குப் படாத வெளிச்சம். 257 பேரும் இறந்தார்கள்.

முதல் விசாரணை அறிக்கை விமானிகளைக் குற்றம் சொன்னது. பிறகு நீதிபதி பீட்டர் மஹோன் தலைமையிலான ஆணைக்குழு, பாதையை மாற்றிவிட்டு விமானிகளுக்கு அறிவிக்காமல் விட்டதே முதன்மைக் காரணம் என்று 1981இல் முடிவு சொன்னது. நாற்பது வருடம் கழித்து, 2019 நவம்பர் 28 அன்று, பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதைப் படித்த பிறகு 28 நாள் விதி எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. புத்தகம் சரியாக இருக்க வேண்டும் என்பது பாதிதான். எல்லோர் கையிலும் ஒரே நாளில் ஒரே புத்தகம் இருக்க வேண்டும், மாறியது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது மற்றப் பாதி.

ஒரு எழுத்து

1995 டிசெம்பர் 20, கொலம்பியா. மயாமியில் இருந்து காலி நகருக்கு வந்த அமெரிக்கன் எயார்லைன்ஸின் போயிங் 757. இரவு. இரு புறமும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு. நேராக இறங்கலாம் என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதும் விமானிகள் அவசரமாக வழியை மாற்றிக் கொம்பியூட்டருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. போக வேண்டிய வழிகாட்டி நிலையம் ரோசோ. வரைபடத் தாளில் அதன் குறியீடு 'ஆர்' என்ற ஒரே எழுத்து. விமானி அந்த எழுத்தைத் தட்டினார். பட்டியலில் முதலில் வந்ததைத் தெரிவு செய்தார்.

முதலில் வந்தது ரோசோ அல்ல, ரொமியோ. பொகொட்டா பக்கம், நூறு மைலுக்கும் அப்பால் இருக்கும் இன்னொரு நிலையம். தரவுத்தளத்தில் ரோசோ முழுப் பெயரில் பதிந்திருந்தது, ஓர் எழுத்தைத் தட்டினால் அது வராது. தாளில் ஒரு பெயர், கொம்பியூட்டரில் ஒரு பெயர். எங்கள் தோட்டங்களின் கதைதான்! விமானம் தானாகவே இடப் பக்கம் மலையை நோக்கித் திரும்பியது. விமானிகள் கவனித்துத் திருப்புவதற்குள் பள்ளத்தாக்கு கைவிட்டுப் போயிருந்தது. 163 பேரில் 4 பேர்தான் உயிர் பிழைத்தார்கள்.

விமானிகள் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. கொலம்பிய விசாரணையும் அதைத்தான் சொன்னது. ஆனால் 2000ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றமொன்றில் ஜூரிகள் பொறுப்பைப் பிரித்துப் பார்த்தபோது, விமான நிறுவனத்துக்கு 75 சதவீதம், தரவைத் தயாரித்த ஜெப்சனுக்கு 17 சதவீதம், கொம்பியூட்டரைத் தயாரித்த ஹனிவெல்லுக்கு 8 சதவீதம் என்று சொன்னார்கள். தரவும் ஒரு பொருள், அதைத் தயாரித்தவர் அதற்குப் பொறுப்பு என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் அழுத்தமாகப் பதிந்தது.

பெயர்க் குழப்பம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்ட் 28ஆம் திகதி பிரித்தானியாவின் விமானக் கட்டுப்பாட்டுக் கணினி திடீரென்று கையை விரித்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்து பாரிஸ் போகும் ஒரு பறப்பின் திட்டத்தில் ஒரே மூன்றெழுத்துக் குறியீடு இரண்டு முறை இருந்தது. ஒன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், மற்றது பிரான்ஸில். இரண்டும் சரியான புள்ளிகள். கணினியால் புரிந்துகொள்ள முடியாமல் அது தன்னை நிறுத்திக்கொண்டது. 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள், ஒரு உயிரும் போகவில்லை. எனக்கென்னவோ, அந்தக் கணினி செய்தது சரி என்றுதான் படுகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல ஊகித்திருந்தால்தான் பயப்பட வேண்டும்.

மலையைப் பற்றிய இன்னொரு புத்தகம்

நம்முடைய மலையில் மார்ட்டின்எயார் மோதுவதற்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசெம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வேர்ஜினியாவிலும் ஒரு விமானம் இறங்கும்போது மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அமெரிக்கா தன் பெரிய விமானங்களில் நில நெருக்க எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. அந்தக் கருவி நேர் கீழே மட்டும் பார்க்கும். முன்னால் செங்குத்தான மலை என்றால் மிகப் பிந்தித்தான் கத்தும். காலியில் நடந்ததும் அதுவே. கருவி எச்சரித்தது, நேரம் போதவில்லை.

டொன் பேட்மன் என்ற பொறியியலாளரும் அவருடைய குழுவும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உலகத்தின் மலை மேடுகளை எல்லாம் ஒரு தரவுத்தளமாக விமானத்துக்குள் வைத்துவிட்டால், கருவி முன்னே பார்க்கலாம். அத்தனை மலைகளின் உயரத்துக்கு எங்கே போவது? சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, அதன் இராணுவம் இரகசியமாக வைத்திருந்த உலக நிலவரைபடங்கள் விலைக்கு வந்தன. அவற்றையும் வாங்கினார்கள். 1990களின் பின்பாதியில் இந்தப் புதிய கருவி விமானங்களுக்கு வரத் தொடங்கியது. இன்று ஒரு ஜெட் விமானம் ஏழு கன்னியர் மலையை நோக்கித் தாழ்ந்தால், ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்னரே விமானிக்குத் திரையில் மஞ்சளும் பிறகு சிவப்பும் தெரியும், குரலும் கேட்கும்.

ஆனால் இந்தப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து வைப்பது ஜி.பி.எஸ். அங்கேதான் இப்போதைய சிக்கல். 2023 செப்டெம்பரில் இருந்து ஈராக், ஈரான் எல்லைப் பக்கம் பறந்த பயணிகள் விமானங்களுக்குப் பொய்யான ஜி.பி.எஸ் சமிக்ஞைகள் வந்து, தாங்கள் வேறெங்கோ இருப்பதாக அவற்றின் கருவிகள் நம்பின. பின்னர் இஸ்ரேல், லெபனான் பக்கம் போன விமானங்கள் சிலவற்றுக்குத் தாங்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகத் தெரிந்தது. யுத்தத்தில் ட்ரோன்களைக் குழப்ப விடும் அலைகள் இவை. மலை எச்சரிக்கைக் கருவியும் குழம்பி, முப்பதாயிரம் அடிக்கு மேலே பறக்கும்போதே "மேலே எழும்பு" என்று கத்திய சம்பவங்கள் உண்டு. பொய்யாக அடிக்கடி கத்தினால், உண்மையாகக் கத்தும் நாளில் விமானி அதை நம்புவாரா என்பதுதான் விமானிகளின் கவலை.

நம்முடைய ஆட்கள் வேலைக்குப் போகும் வான்வழி அந்தப் பக்கம்தான். விமானிகளுக்கு மாற்று வழிகள் இருக்கின்றன. காலடி எண்ணும் கருவி வெளியே இருந்து வரும் எந்த அலையையும் நம்பி இருப்பதில்லை, நிலத்தில் இருக்கும் ரேடியோ வழிகாட்டி நிலையங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல நாடுகள் செலவு என்று அந்த நிலையங்களைக் குறைத்துவந்தன, இப்போது மறுபடி யோசிக்கின்றன. 1974இல் விமானத்துக்குள் இருந்த கருவிகளை மட்டும் நம்பி வந்த பிழைக்கு அன்று மருந்து இன்னொரு கருவி. இன்றைக்கும் அதுதான் மருந்து: ஒன்றோடு ஒன்று ஒத்துவருகிறதா என்று பார்ப்பது, ஒத்துவராவிட்டால் உயரத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பது.

இதை எல்லாம் தங்கச்சிக்கு அன்றிரவு சொல்லியிருக்க முடியாது. அவிசாவளை தாண்டும்போதே அவள் தூங்கிவிட்டாள். கட்டுநாயக்கவில் இறங்கி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மறுநாள் மத்தியானம் குரல் செய்தி வந்தது. "இறங்கிட்டேன்ணே. சீட்டுக்கு முன்னால ஒரு டீவில மேப் போட்டாங்க. நம்ம ஊரு எங்க இருக்குன்னு தேடித் தேடிப் பார்த்தேன், கண்டி மட்டும்தான் இருந்திச்சு."

போன் வரைபடத்தில் எங்கள் மேல் டிவிசன் இருக்கும் இடத்தைக் குறித்து, திருத்தச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்றோடு 28 நாளுக்கு மேல் ஆகிறது. இன்னும் மாறவில்லை.